கந்தோரில் நீங்கள் சொன்ன பொய்

ஜெசிந்தாவின் அப்பாவுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்காது. ‘அன்ரனின் அப்பா’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். இனி நீங்கள் எழும்பி வந்து என்னோடு சண்டை பிடிக்கப் போவதில்லை. அதனால் இப்படித்தான் எழுதுவேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, உயிலங்குளத்தில் தகரக் கொட்டிலில் இருந்த காலம். வீட்டுத்திட்டத்துக்குப் பதிய நாங்கள் இருவரும் நானாட்டான் பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனோம். மகன் அன்ரனுக்குப் பன்னிரண்டு வயது, ஜெசிந்தாவுக்கு எட்டு. அவளுக்கு நடக்க வராது, பேச்சும் சரியாக வராது. “உன்ர வயித்துப் பிழை” என்று நீங்கள் சொல்லாத கிழமை இல்லை.

“குடும்பத்தில எத்தினை பேர்?” என்று கந்தோரில் உத்தியோகத்தர் கேட்டார்.

“மூண்டு பேர்,” என்றீர்கள்.

“நாலு பேர் ஐயா. மகள் ஒராள் இருக்கிறா,” என்றேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. “அது முகாமிலேயே செத்திட்டுது ஐயா. இவவுக்கு இன்னும் அதைத் தாங்கேலாமல் இருக்கு.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கந்தோர் பூட்ட முதல் திரும்பி வந்தேன். நீங்கள் கையெழுத்து வைக்க வரிசையில் நின்றீர்கள். அவளை அவர் முன்னால் கதிரையில் இருத்தினேன்.

“இவதான் ஐயா அந்தச் செத்த பிள்ளை.”

ஜெசிந்தா உங்களைக் கண்டு சிரித்தாள்.

“சனத்துக்கு முன்னால என்னை அவமானப்படுத்திப் போட்டாய்” என்று கத்திவிட்டு, அன்று பின்னேரமே உப்புக்குளத்துக்கு, உங்கள் தங்கச்சி வீட்டுக்குப் போனீர்கள். இரண்டு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மாரடைப்பு என்று செய்திதான் வந்தது. ஜெசிந்தாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் செத்தவீட்டுக்கு வந்தேன். உங்களை அப்படிக் கிடத்தி அவளுக்குக் காட்ட மனம் வரவில்லை. “நீர்தான் என்ர அண்ணனைச் சாகடிச்சனீர்,” என்றாள் மச்சாள்.

ஒன்றை நானும் ஒத்துக்கொள்ள வேண்டும். முகாமில் அவளுக்கு வலிப்பு நிற்காத ஒரு நாள், “ஆண்டவரே, இவளை எடுத்துக்கொள்ளும்” என்று அழுதேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். களைத்துப்போன ஒருத்தியின் வாயிலிருந்து விழுந்த சொல் அது. அதையா நீங்கள் கொண்டுபோய்க் கந்தோரில் பதியப் பார்த்தீர்கள்? உங்கள் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி என் மேல் உள்ளதுதானோ?

வீடு கட்டி முடிந்தது. தள்ளுகதிரை ஏறுவதற்காக வாசலில் படி வைக்காமல் சரிவாகச் சீமெந்து போட்டிருக்கிறோம். அவளுக்கு இப்போது பதினேழு வயது. தெருவில் ஆம்பிளைக் குரல் கேட்டால் “ப்பா?” என்கிறாள். “அப்பா வேலைக்குப் போயிட்டார்,” என்கிறேன். வேறென்ன சொல்ல?

ஆண்டுப் பூசையில் உங்கள் பெயரை வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். மன்னிப்பை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அன்று கந்தோரில் நீங்கள் சொன்னதை அவளுக்கு ஒருநாளும் சொல்லமாட்டேன். அது உங்களுக்காக இல்லை. அவளுக்கு இருப்பது ஒரேயொரு அப்பா.

இன்னும் கோபம் ஆறாத உங்கள் மனைவி,
பிலோமினா