மிச்சம் பிடித்த மின்சாரம்

ஜனவரி 19, ஞாயிறு, காலை 6.40. நகரத் தொட்டியில் ஏழு மீட்டர் தண்ணீர்.

அன்பு வாலுக்கு,

அப்பா நலம். நீயும் அம்மாவும் சித்தி வீட்டில் யாருடனும் சண்டை போடாமல் நலமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மேலே உள்ள எண்ணை முதலில் அம்மாவிடம் உரக்க வாசித்துக் காட்டு. தொட்டி மூன்று மீட்டருக்கு இறங்கியபோதுதான் குடியிருப்பில் குடும்பங்கள் இருக்கக் கூடாது என்று சொல்லி உங்களை அனுப்ப வைத்தார்கள். கடல் பக்கத்திலேயே இருக்கு, கரண்டும் நீங்களே பண்றீங்க, அப்புறம் எப்படிப்பா தண்ணி இல்லாம போகும் என்று போனில் கேட்டாயே, சரியான கேள்வி. அன்றைக்கு நேரமில்லை, இப்போது சொல்கிறேன். கேஸை எரித்து டர்பைனைச் சுற்றினால் கரண்ட். அதிலிருந்து வரும் சூடான புகையை வீணாக்காமல் நீராவி எடுத்து, அந்த நீராவியால் கடல்நீரைக் காய்ச்சுகிறோம், அதுதான் குடிநீர். குளிர்காலத்தில் யாரும் ஏசி போடுவதில்லை. கரண்ட் பாதி போதும், அதனால் சூடும் பாதி, தண்ணீரும் பாதி. தாகம் பாதியாகுமா? குறையை ஈடுகட்ட வைத்திருந்த தனி பாய்லரும் குழாய் வெடித்துப் படுத்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து எங்கள் மேலாளர் பக்கத்துக் கொட்டகையை மூடி வைத்திருந்தார். அங்கே பெரிய மோட்டார்கள் கடல்நீரைச் சவ்வு வழியாகத் தள்ளி வடிகட்டும், கரண்டை மடமடவென்று குடிக்கும். மிச்சம் பிடிக்கிறாராம். மிச்சம் பிடித்த கரண்டை பீரோவிலா பூட்டி வைப்பார்? அதை ஓட்டுங்கள் சார், அது இழுக்கிற கரண்டுக்கு டர்பைன் ஏறும், சூடு ஏறும், எங்கள் பக்கமும் தண்ணீர் ஏறும் என்றேன். தண்ணி இல்லாத நேரத்துல கரண்டையும் கரைக்கச் சொல்றியே தம்பி, வெளையாடுறியா என்றார். நேராகக் கொட்டகைத் தலைவரிடம் போனேன். நாங்கள் அவர்களைச் சல்லடை என்போம், அவர்கள் எங்களை டீக்கடை என்பார்கள். டீக்கடை நம்ம வாசல்ல வந்து நிக்குது பாருங்கடா என்று சிரித்தார். கணக்கைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. ஓட்டிடலாம்டா, ஆனா தண்ணி ஏறலேன்னா உன்னையே புடிச்சு வடிகட்டிடுவேன் என்றார். இரண்டு பேருமாகப் போய் மேலாளர் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டோம். அதற்குள் தொட்டி ஒன்றே முக்கால் மீட்டருக்கு இறங்கியிருந்தது. ஒரு நாள் தரேன், ஏறலன்னா ரெண்டு பேரும் வேற வேலை பாத்துக்குங்க என்றார்.

மோட்டார்கள் கிளம்பியபோது காலடியில் தரை அதிர்ந்தது. டர்பைன் ஏறியது, நீராவி ஏறியது, இரண்டு பக்கமும் தண்ணீர் கொட்டியது. மறுநாள் காலை தொட்டி இறங்கவில்லை, இரண்டு விரல் ஏறியிருந்தது! அதன்பிறகு நாளுக்கு நாள் ஏறித்தான் இன்றைக்கு ஏழு மீட்டர். சல்லடைக்காரர் என்னைத் தூக்கிச் சுற்றியதில் என் மூக்குக் கண்ணாடி போயிற்று, போகட்டும். மேலாளர் இப்போது போனில் எல்லோரிடமும் நாமதான் யோசிச்சோம் என்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். குடும்பங்கள் திரும்பலாம் என்று நேற்று அவரே கையெழுத்துப் போட்டார்.

இதைப் படித்துவிட்டு சித்தி வீட்டில் எல்லா லைட்டையும் போட்டு வைக்காதே. அங்கே யாரும் கடலைக் காய்ச்சவில்லை. கணக்கை விடாதே, கேள்வி கேட்பதையும் விடாதே. நன்றாக இரு, நிமிர்ந்து இரு. அம்மா இன்றைக்கே பெட்டி கட்டலாம்.

உன் அப்பா

பி.கு. இனி நான் செய்யப்போவது:
1. தூங்குவது.
2. பாய்லர் குழாய் மாற்றும்வரை பழுது பார்ப்பவர்களின் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பது.
3. குளிர்காலத்தில் கொட்டகையை மூடக் கூடாது என்று மேலாளரிடம் எழுதி வாங்குவது.
4. வெள்ளிக்கிழமை காலை பஸ் நிலையத்தில் உங்களுக்காக நிற்பது. அன்றைக்கு எந்த மோட்டார் நின்றாலும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.