தறிச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல்

அக்கா,

இன்று காலை ஆசிரியர் அறையில், புதிதாக வந்திருக்கும் டீச்சர் கைப்பையிலிருந்து அதிமதுரத் துண்டு ஒன்றை எடுத்து, தொண்டைக்காக நீங்கள் போட்டுக்கொள்வதைப்போலவே, வாயில் போட்டார். அந்த வாசம் எழுந்ததும் சட்டென்று நீங்கள் உட்காரும் ஜன்னலோரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

வெள்ளகோவிலில் நம் பள்ளிச் சுவரை ஒட்டியே, நாள் முழுக்க விசைத்தறிகள் இரையும் தறிக்குடோன். அந்தச் சத்தத்துக்கு மேலே எழும்பும் குரல் உங்களுடையது மட்டும்தான். நம் இருவரையும் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அனுப்பியபோது, "என்ற தொண்டை நல்லாத்தானுங்க கண்ணு இருக்குது, எனக்கெதுக்கு மிசினு?" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினீர்கள். பாடத்தை வீடியோ எடுக்கலாம் என்று நான் போனைத் தூக்கினால் போதும், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவீர்கள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. கோயமுத்தூரில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டுவிடச் சொல்லி உங்கள் வீட்டில் எல்லோரும் கெஞ்சினார்கள். நீங்களோ ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, ஒரு தாளில் எழுதி நீட்டினீர்கள்: "மிசினைச் சொல்லிக் குடு கண்ணு."

ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடினீர்கள். 'ழ' கிடைக்காமல் மேசையைக் குத்தினீர்கள். ஒருநாள் அழவும் அழுதீர்கள். ஆனாலும் மறுநாள் வந்தீர்கள்.

பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பு. நீங்கள் தட்டியதெல்லாம் பெரிய திரையில் தெரிய, கம்ப்யூட்டர் அதைப் படித்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், இது உங்க குரலு இல்லீங்களே?" என்றாள்.

"இல்லீங்க கண்ணு. என்ற குரலை டாக்டரு புடுங்கிட்டாருங்க" என்று தட்டினீர்கள். செய்தி வாசிப்பதுபோல் இயந்திரம் அதைப் படிக்க, வகுப்பே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. வாசலில் நின்ற நான் வராண்டாவின் கோடிக்குப் போய் அழுதேன்.

அந்த இயந்திரக் குரல் தறிச் சத்தத்தில் அமுங்கிப்போகும். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பெஞ்சுகளை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். ஊரிலேயே அமைதியான வகுப்பு அதுதான். பிறகு அவர்களும் தமிழில் தட்டக் கற்றுக்கொண்டு, கேள்வியைத் திரையில் கேட்டார்கள். அந்த ஆண்டு முழுக்க அப்படியே நடத்தினீர்கள். கோடை விடுமுறையில் நோய் திரும்பி வந்தது.

காரியம் முடிந்த அன்று உங்கள் மகள் என்னிடம் வந்தாள். "சித்தி, அம்மா பேசுனது உங்க போன்ல எதுலயாச்சும் இருக்குதுங்களா?" முழுக்கத் தேடினேன். நீங்கள் தட்டிய பாடங்கள் எல்லாம் இருக்கின்றன. படிப்பது யாரோ. உங்கள் குரலில் ஒரு சொல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, போனைப் பிடித்துத் தட்டக்கூட உங்கள் விரல்களில் வலுவில்லை. என் கையை இழுத்து உள்ளங்கையில் ஏதோ எழுதினீர்கள். புரியவில்லை. மறுபடி எழுதினீர்கள். விரல் நடுங்கியதில் எழுத்து எழுத்தாகவே இல்லை. "புரிஞ்சுதுங்க அக்கா" என்றேன். நீங்கள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இப்போதும் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி நிற்கும்போது அந்த எழுத்து உள்ளங்கையில் ஊர்கிறது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அக்கா.