ஒன்பது மதிப்பெண் மெழுகுவர்த்தி

மூன்றாம் தேதி, ஞாயிறு முற்பகல்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இங்கே நான், உன் அம்மா, பன்னிரண்டு மெழுகுவர்த்திகள், எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? நோயாளிகளுக்கெல்லாம் வெந்நீர்ப் பை வைத்துவிடுகிறவள், உனக்கென்று ஒரு நாளும் வைத்துக்கொள்ள மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து வைத்துக்கொள்.

நேற்று போனில் சோதனை எப்படிப் போகிறது என்று கேட்டாய். நான் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்டாய். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது திரியின் தடிமனைப் பற்றி விரிவாகப் பேச முடியுமா? நான் குரலை உயர்த்தினால் அவர் டிவியை உயர்த்துகிறார். அதனால்தான் கடிதம். மேலும், பதினேழு வருடம் பள்ளிக்கூட லேபில் குப்பியும் குழாயும் கழுவியவன் நான். முறைப்படி அறிக்கை எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

லீவு முடிந்து நீ கிளம்பிய அன்று சாப்பாட்டு மேசையில் விட்டுப்போன சாமான்கள் இவை: ஒரு மூட்டை சோயா மெழுகுச் செதில், மூன்று தடிமனில் திரி, பன்னிரண்டு கண்ணாடிக் குவளை, ஒரே மாதிரி பழுப்புப் பாட்டில் இரண்டு. ஒரு பாட்டிலில் எலுமிச்சைப்புல் வாசனை எண்ணெய். இன்னொன்றில் கையிலும் பாத்திரத்திலும் ஒட்டும் மெழுகைத் துடைத்தெடுக்கச் சாதா எண்ணெய். இரண்டிலும் பெயர் எழுதவில்லை. "முகர்ந்தாலே தெரியுங்க" என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறிவிட்டாய். பெயர் இல்லாத பாட்டிலை நான் வீட்டுக்குள் வைத்திருப்பேனா? அன்றைக்கே இரண்டுக்கும் அழகாகச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன்.

நீ சொன்னபடியே செய்தேன். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, எண்பது டிகிரியில் மெழுகை உருக்கி, நூற்றுக்கு எட்டுப் பங்கு எண்ணெய் கலந்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறி, ஐம்பத்தைந்துக்கு இறங்கியதும் ஊற்றினேன். திரி நடுவில் நிற்க உன் துணிக்கிளிப்புகள் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் உன் அம்மாவின் துணிகள் மாடியில் காற்றோடு போயின. ஒன்று எதிர் வீட்டுக்காரர் வண்டி மேல் கிடைத்தது. எது என்று நீயே கேட்டுக்கொள்.

இரண்டு வாரம் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இந்த மெழுகு ஆறினால் மட்டும் போதாது, எண்ணெய் உள்ளே ஊறிப் பிடிக்க அவ்வளவு நாள் வேண்டும் என்று நீ மூன்று தடவை சொல்லியிருந்தாயே. இந்த வாரம் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை, பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கிறேன். மெல்லிய திரி நடுவில் கிணறு வெட்டிக்கொண்டு போய் அதிலேயே முழுகிவிட்டது. தடித்த திரியின் தலையில் கரி காளான் மாதிரித் திரண்டு கண்ணாடி கறுத்துவிட்டது. நடுத்தரம்தான் தங்கம்; நான்கு மணி நேரத்தில் உருகிய மெழுகு குவளையின் ஓரம்வரை போய்த் தொட்டது. மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பு. வாசனையைப் பற்றிக் கேட்டாயே. மழையில் நனைந்த தோட்டத்தின் புத்துணர்ச்சி என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். பத்துக்கு எட்டு.

உன் அம்மாமேல் ஒரு புகார். இரவு நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்த பிறகும் போய் ஒருமுறை திருகிப் பார்க்கிறார். கேஸ் உருளையையும் மூடுகிறார். மூன்று வருடமாக இதே கதை. மாப்பிள்ளைமேல் அவ்வளவு நம்பிக்கை.

முப்பதாம் தேதி எனக்கு மறக்கவில்லை. அதற்குள் உன் மேட்ரனிடம் பதில் சொல்ல வேண்டும். அங்கேயே இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா, ஊருக்குத் திரும்புகிறாயா என்று. வந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரி இரவுப் பணிக்குப் போக மாட்டேன், சும்மாவும் உட்கார மாட்டேன், எனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்றாய். "மெழுகுவர்த்தி சரியா வந்தா வந்துடறேன், வரலைன்னா கையெழுத்துதான்" என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாலும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அரை டிகிரிகூடப் பிசகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் லேப்காரன்


பதினான்காம் தேதி

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேலையை விடுகிற கடிதத்தை எழுதியே வைத்துவிட்டாயாமே. முப்பதாம் தேதி கொடுப்பதுதான் பாக்கி, கடைசிச் சோதனையின் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள் என்றாய்.

சொல்லிவிட்டேன், ஒன்பது. எட்டரை போடலாமா என்று யோசித்தேன். லேபில் அரை மதிப்பெண் போடும் வழக்கம் கிடையாது.

உன் அம்மாவிடம் ஒரு குவளையைக் கொடுத்து அவர் அறையில் ஏற்றச் சொன்னேன். அரை மணி கழித்துப் போய்க் கேட்டதற்கு, "வெளிச்சம் நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார். அவர் வாயால் அந்த அளவுக்கு வந்தாலே பெரிது. கடைத்தெரு முனையில் பூங்கொத்து கட்டித் தரும் அம்மா இருக்கிறாரே, வருகிற புதன்கிழமை ஒன்றைக் கொண்டு வாருங்கள், பிடித்திருந்தால் கடை அலமாரியில் ஒரு தட்டு முழுக்க உங்களுக்கே என்று சொல்லியிருக்கிறார். பின்னறையில் உனக்கு ஜன்னலோரமாக மேசை போட்டுவிட்டேன். உயரம் உன் முதுகுக்குச் சரியாக இருக்குமா என்று உன் உயரத்துக்குத் துடைப்பத்தை நிறுத்தி வைத்து அளந்தேன். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுத் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்றைக்கு இவ்வளவுதான். சந்தோஷத்தில் கையெழுத்து கோணுகிறது.

உன் லேப்காரன்


இருபத்தோராம் தேதி

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இதை உட்கார்ந்து படி. தபாலில் போட்டால் காலத்துக்கு வந்து சேராது என்று கூரியரில் அனுப்புகிறேன். நாலு நாளில் கிடைத்துவிடும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் மறுபடியும் மழுப்பிவிடுவேன்.

நேற்றுப் பூக்கடைக்குப் போனேன். அந்த அம்மா குவளையை வாங்கி மூக்கருகே வைத்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி வைத்தார். "வாசனை இல்லாத வகையா சார்? அதையும் சிலபேரு கேப்பாங்க, ஆனா கம்மிதான்" என்றார். எலுமிச்சைப்புல் என்றேன், பத்துக்கு ஒன்பது என்றேன், ஏற்றிப் பாருங்கள் என்றேன். ஏற்றினார். பத்து நிமிடம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர் தயங்கித் தயங்கி, "உங்களுக்கு வருதா சார்?" என்று கேட்டார். சுற்றிலும் வாளி வாளியாகப் பூ. எனக்கு அது வெறும் வாளிக்கடையாகத்தான் இருந்தது. நான் குவளையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு வாசனை தெரியாது. மூன்று வருடமாகத் தெரியாது. நீ முதன்முதலில் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, அதோடு போனது. நீ கேட்டபோது மூக்கடைப்பு என்றேன். உன் வேலைக்கான உத்தரவு அந்த வாரம்தான் வந்திருந்தது. சொல்லியிருந்தால் நீ பெட்டியைப் பிரித்துவிட்டு என்னை ஒவ்வொரு டாக்டராக இழுத்துக்கொண்டு அலைந்திருப்பாய். நீ அங்கே போய்ச் சேர்வதற்குள் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அப்புறம், சொல்லாமல் விட்டதையே எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆகவே, நீ பெயர் எழுதாமல் வைத்துப்போன பாட்டில்களில் எது எது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்டால் மாட்டிக்கொள்வேன். உன் அம்மாவைக் கேட்டாலும் அதேதான். குலுக்கிப் பார்த்தேன், கொஞ்சம் கெட்டியாக இருந்ததற்கு வாசனை எண்ணெய் என்று சீட்டு ஒட்டினேன். லேபில் ஒரு பையன் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பேன். பன்னிரண்டு குவளைகளிலும் எடை போட்டு, வெப்பம் பார்த்து, கை துடைக்கிற எண்ணெயைக் கலந்திருக்கிறேன். லேப் பழக்கத்தில் கையையும் பாத்திரத்தையும் சோப்பால் கழுவியதால் இன்னொரு பாட்டிலைத் திறக்கவே இல்லை. மேல்பரப்பு அவ்வளவு வழவழப்பாக வந்ததும் அதனால்தான் போலிருக்கிறது. மழையில் நனைந்த தோட்டத்தின் புத்துணர்ச்சி என்பது ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம் எழுதியிருந்தது. வாசனை எண்ணெய் கலந்தால் திரியின் கணக்கே மாறிவிடும் என்று நீதான் சொன்னாய். அப்படியென்றால் நடுத்தரத் திரிதான் சரி என்று நான் சொன்னதும் ஒன்றுக்கும் உதவாது. இத்தனை வாரச் சோதனையும் குப்பை.

பூக்கடையிலிருந்து வந்ததும் இரண்டு பாட்டிலையும் உன் அம்மாவிடம் கொடுத்து, எது எலுமிச்சைப்புல் என்று கேட்டேன். மூடியைத் திறந்த உடனே சொல்லிவிட்டார். பிறகு நான் ஒட்டிய சீட்டைப் படித்தார். பாட்டிலை மூடி மேசைமேல் வைத்தார். அப்புறம், "நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன் மாப்பிள்ளை" என்றார்.

நீ போன முதல் மாதமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். அடுப்பில் பால் கருகி வீடே நாறிக்கொண்டிருக்க, நான் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். அன்றிலிருந்துதான் இரவில் அடுப்பைத் திருகிப் பார்ப்பது. நான் அதைக் குறையாக உனக்கு எழுதினேன். அவர் மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் என்னைக் காவல் காத்திருக்கிறார். மெழுகுவர்த்தியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கரண்ட் போனால் ஏற்றுகிற சாதா வகைதான் செய்கிறோம் என்று நினைத்தாராம், மாப்பிள்ளை மெனக்கெட்டுச் செய்வதில் குறை சொல்லக் கூடாது என்றும் இருந்தாராம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ போன மறுநாள் உன் நீலச் சால்வையை அலமாரியிலிருந்து எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணி மட்டும்தான் இருந்தது. நீ வெளிநாட்டில் இருக்கிறாய் என்பதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை.

இன்று காலையில் நானும் உன் அம்மாவும் சேர்ந்து, பழைய மெழுகைச் சுரண்டியெடுத்துவிட்டு, சரியான பாட்டிலிலிருந்து எண்ணெய் கலந்து ஒன்பது குவளை ஊற்றினோம். மூன்று திரிக்கும் மூன்று மூன்று. "இனிமே மூக்கு நான், கை நீங்க" என்று சொல்லிவிட்டார். மதிப்பெண் போடுவதில் அவர் கறார். இப்போதே நோட்டைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். என்னைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போகவும் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார். நீ அவர் மகள்தான் என்பதில் எனக்கு இனி சந்தேகமில்லை.

ஆனால் இந்த ஒன்பதும் ஊறி முடிய அடுத்த மாதம் நான்காம் தேதி ஆகிவிடும். முப்பதுக்குள் அவசரப்பட்டு ஏற்றினால் வருகிற முடிவு செல்லாது. ஆகையால் உன் மெழுகுவர்த்தி சரியாக வருமா, வராதா என்று நீ கையெழுத்துப் போட வேண்டிய நாளுக்குள் என்னால் சொல்ல முடியாது. நீ எழுதி வைத்திருக்கும் கடிதத்தை என் ஒன்பது மதிப்பெண்ணை நம்பி மேட்ரனிடம் கொடுத்துவிடாதே. பூக்கடையில் தட்டும் இன்னும் நமக்கில்லை. மேசை மட்டும்தான் நிஜம்.

புருஷனுக்கு மூக்கு போய்விட்டதே, போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று ஒரு நர்ஸாகக் கிளம்பியும் வராதே. அதற்கு உன் அம்மா இருக்கிறார்.

நீ இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும். வருத்தப்படுவேன். மெழுகுவர்த்தி சரியாக வந்தால் நீ வருவாய் என்பது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. நான் கேட்காமலே நீ வந்துவிடுவாய் அல்லவா? முதல்தடவை உன்னை வழியனுப்ப வந்தபோதும், லீவு முடிந்து நீ கிளம்பிய ஒவ்வொரு தடவையும், பாஸ்போர்ட் இருக்கிறதா, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டேனே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. உன் வேலை, உன் விருப்பம், நான் குறுக்கே நிற்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். முடிவு இப்போதும் உன்னுடையதுதான். ஆனால் என் மனதில் இருப்பது தெரியாமல் நீ முடிவு செய்யக் கூடாது.

வேலை ஏதாவது செய்துகொள்ளலாம். மெழுகு சரியாக வந்தாலும் வராவிட்டாலும், நீ வந்துவிடு.

உன்,
லேப்காரன்