உனக்கென்று வளர்த்த சுரைக்குடுக்கை

அன்பு மகள் லுவேந்தோவுக்கு அம்மா எழுதுவது. ஏரிக்கரையில் எல்லோரும் இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம், நீயும் பிள்ளையும் கிட்வே நகரத்துக் குளிரில் நன்றாயிருக்க வேண்டும் என்று எந்நேரமும் வேண்டிக்கொள்கிறேன். குளிப்பாட்டியதும் பிள்ளையின் காதைத் துணியால் துடை, ஊதாதே.

லுவேந்தோ, என் சிநேகிதி முதிந்தா, நீ சித்தி என்று கூப்பிடுவாயே, அவள் போய்விட்டாள். மழைக்காலம் முழுக்க இருமினாள், பிறகு நாலடி நடந்தால் இரைத்தது, பெரியாஸ்பத்திரியில் நுரையீரல் கெட்டுவிட்டது, புகையால் வந்தது என்றார்கள். அவள் மகன் டாக்டரிடமே சண்டைக்குப் போய், "எங்கம்மா ஒரு சிகரெட்ட கையால தொட்டதில்ல, தெரியுமா" என்றானாம். உண்மைதான், சிகரெட்டைத் தொடவில்லை. அவள் இழுத்தது நம் பெண்கள் தண்ணீர் ஊற்றிப் புகையிலை வைத்து இழுக்கிற சுரைக்குடுக்கை.

எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. போன வருஷம் கிளினிக்கிலிருந்து புகைப்பதை விடச்சொல்லி வந்தார்களே, மாமரத்தடியில் பாட்டுக் கட்டியதே அவள்தான். "காசைச் சுருட்டிக் கொளுத்துறான் பாரு, கொழுப்பெடுத்த எம்புருஷன்" என்று அவள் எடுத்துக்கொடுக்க நாங்கள் கைதட்டிப் பாடினோம், ஆண்களெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த படத்திலும் ஒரு ஆணும் ஒரு சிகரெட்டும்தான். பாட்டு முடிந்ததும் மடியிலிருந்த குடுக்கையை எடுத்து ஆளுக்கு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். தண்ணீர் வழியாக வருகிற புகை கழுவி வருகிறது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. கூட வந்த நர்ஸ் சியாபோலாவும் நம் பெண்தானே, அவள் அம்மாவும் இழுக்கிறவள்தான், அவளுக்கும் அது கண்ணில் படவில்லை. அன்றைக்கு உன் அப்பா உட்பட நிறைய ஆண்கள் விட்டுவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சாவு வீட்டில் அந்த நர்ஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து, "லுவேந்தோ அம்மா, மடியில என்னன்னு அன்னிக்கே கேட்டிருக்கணும், ஆம்பளைங்களையே பார்த்துக்கிட்டு நின்னுட்டேன்" என்று அழுதாள். அப்போதும் பெண்களிடையே குடுக்கை சுற்றி வந்துகொண்டிருந்தது. என்னிடம் வந்ததும் வாய் வைக்காமல் கைமாற்றினேன், "ஏன், சிநேகிதிக்காகக் கூட ஒரு இழுப்பு இழுக்கமாட்டியா" என்று ஒருத்தி குத்தினாள். இப்போது நர்ஸ் பெண்களுக்கென்று தனியாகக் கூட்டம் வைக்கிறாள், மூன்று பேர்தான் போகிறோம். ஆசை வந்தால் வறுத்த கடலையை மெல்லச் சொல்கிறாள். மென்று மென்று தாடை வலிக்கிறது, கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. நேற்று ஆட்டைத் திட்டினேன், உன் அப்பா தன்னைத்தான் என்று எழுந்து போய்விட்டார்.

முதல் பிள்ளை பெற்றவளுக்கு அம்மா கையால் வளர்த்த குடுக்கை தர வேண்டும் இல்லையா. நீ முழுகாமல் இருப்பதாகச் சொன்னதுமே முதிந்தாவும் நானும் விதை போட்டோம். கழுத்து நேராக நீள வேண்டும் என்று அவள்தான் பிஞ்சைப் பந்தலிலிருந்து தொங்கவிட்டு, தினமும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போவாள். அருமையான கழுத்து, லுவேந்தோ. முற்றிக் காய்ந்து கூரையில் தொங்கியது. அப்படியே அனுப்பி, சுவரில் மாட்டிக்கொள் என்று எழுதலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் தெரிந்த முகமில்லாத ஊரில் தனியாக இருக்கிறாய், எங்கள் ஞாபகம் வரும், துளை போட்டு இழுக்கத் தொடங்க எவ்வளவு நேரமாகும். அதனால் ரம்பத்தை எடுத்துக் கழுத்திலிருந்து அடிவரை நெடுக்காக அறுத்துவிட்டேன். அவள் கைபட்டதை அறுக்கிறோமே என்று அழுதுகொண்டேதான் அறுத்தேன். இரண்டு அகப்பையாயிற்று. ஒன்றை என் தண்ணீர்ப் பானைமேல் வைத்திருக்கிறேன், மற்றதில் நீ பிள்ளைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்று.

கடவுள் உன் வீட்டை விட்டு நகராதிருக்கட்டும், பிள்ளை உன் தோளுக்குமேல் வளரட்டும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கருவாட்டு மூட்டைக்குள் அகப்பை வரும். பாதிதான் இருக்கிறதே, உடைத்துவிட்டாயா என்று பஸ்காரனிடம் சண்டைக்குப் போகாதே, அறுத்தது நான்தான்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா