விமானத்தில் போகாத கடிதம்

ராயபுரம்,
19-6-1934, செவ்வாய்

ரங்கூனில் அரிசி ஆலையில் இருக்கும் மகன் பக்தவச்சலத்துக்கு அம்மா பச்சையம்மா சொல்ல, தங்கை புஷ்பவல்லி எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத முடியவில்லை.

அண்ணா, காலையில் எழுந்ததும் நைனாவின் தலைமாட்டில் இருக்கும் உன் படம் சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தேன். அம்மாதான் திருப்பியிருக்கிறாள். ஏரோப்ளேன்ல போன கடுதாசிக்கே பதில் காணோம், பெத்த அப்பன் மூச்சு வாங்கிகினு கீறாரு, வர்றேன்னு ஒரு வரி போடாத புள்ள இன்னா புள்ள என்று எழுதச் சொன்னாள். அவள் கஞ்சி வைக்க உள்ளே போயிருக்கிறாள். இனி எழுதுவது நான்.

உன்மேல் தப்பில்லை. நைனாவுக்குப் படுக்கையை விட்டு எழ முடியாமல் போனதும் தந்தி அடிக்கலாம் என்றார் பக்கத்து வீட்டுத் தவசிமுத்து மாமா. தந்தின்னா சாவுன்னுதான் நெனச்சுக்குவான், தனியா கீற புள்ள பயந்து பூடும், வோணாம் என்று அம்மா மறுத்துவிட்டாள். அப்போதுதான் மாமா விமானத் தபாலைப் பற்றிச் சொன்னார். கல்கத்தா வரை ரயிலில் இரண்டு ராத்திரி, அங்கிருந்து ஒரே பகலில் ரங்கூனாம். நம்ம கோழி அடுத்த முட்ட இடறதுக்குள்ள கடல தாண்டிடுமா என்று அம்மா சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை தபாலாபீசுக்கு நான்தான் போனேன். ஜன்னலில் ஆண்கள் கூட்டம். என் முறை வந்ததும் உள்ளே இருந்தவர், எந்த ஊருக்கு, சத்தமா சொல்லும்மா என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு வாயே வரவில்லை. வெளியே வந்து, சாதாரணத் தபால் தலை ஒட்டியிருந்த கடிதத்தைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன். ரங்கூன் கப்பல் முந்தின நாளே போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வியாழன் வரை உனக்கு எழுதிய கடிதம் இங்கேயே கிடந்து, நாலு நாள் கடலில் போய், நேற்றுதான் உன் கைக்கு வந்திருக்கும். அம்மாவிடம் விமானத்தில் போய்விட்டது என்று சொன்னேன். அன்றிலிருந்து அவள் விரல்விட்டு நாள் எண்ணினாள். நேற்று நைனாவிடம், அவன் வரமாட்டான்யா, மறந்துடு என்று சொன்னாள். நைனா கஞ்சியைத் தொடவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, அண்ணா.

இதை நானே ஜன்னலில் கேட்டு விமானத் தபாலில் போடுவேன். நீ அதற்குள் கிளம்பியிருந்தால் இது உன் அறை வாசலிலேயே கிடக்கட்டும். இல்லையென்றால் முதல் கப்பலில் ஏறு. ஆனி மாதக் கடல், மேல்தட்டில் காற்று பலமாக இருக்கும், கம்பளி எடுத்துக்கொள். வழிக்கு அவல் வைத்துக்கொள். ஏறும் கப்பலின் பெயரை எழுத மறக்காதே. நைனா நினைவோடுதான் இருக்கிறார், உன்னைத்தான் கேட்கிறார்.

அம்மாவின் கோபம் என்னைச் சேர்ந்தது, உனக்கு அவளுடைய ஆசீர்வாதம் மட்டும்தான்.

இப்படிக்கு,
அம்மா பச்சையம்மாவுக்காக,
புஷ்பவல்லி

கையெழுத்துப் போட்டபோது அம்மா வந்துவிட்டாள். நான் சொன்னது நாலு வரி, இன்னாடி இவ்ளோ எழுதிகினு கீற என்றாள். உட்காரச் சொல்லி, முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன்.