அட்டை கடித்த கால்

மதினி, கணுக்காலில் அட்டை கடித்த இடம் மூன்று நாளாக நமைக்கிறது. சுண்ணாம்பு தடவச் சொல்கிறார் அண்ணன். மாட்டேன் என்றுவிட்டேன். நமைக்கட்டும்.

அந்த வருஷம் நமைக்கவே இல்லையே. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் எல்லாரும் அட்டையை உதறிக்கொண்டிருக்க, என் ரத்தம் கசப்பு, என்னைத் தொடாது என்று நான் பீற்றிக்கொண்டேன். ஒரு நாள் கால் பின்னி விழுந்தேன். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை விலக்கிப் பார்த்தது நீங்கள்தான். முழங்காலுக்குக் கீழே ஏழு அட்டைகள், குடித்துக் கொழுத்துக் கிடந்தன.

"ஏ புள்ள, இது ஒனக்குத் தெரியலயா?" என்றீர்கள்.

தோட்டத்து மருந்துக்கார ஐயா, வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார். வேலைப் பதிவில் என் பேரை வெட்டினால் நாம் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போய்விடும். நீங்கள் தீப்பெட்டியைத் திறந்து, கொண்டுவந்த அட்டையை அவர் எதிரிலேயே என் பாதத்தில் விட்டீர்கள்.

"நடிக்கிறவ மூஞ்சியப் பாருங்கய்யா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஊர்ந்ததும் தெரியவில்லை, கடித்ததும் தெரியவில்லை. அவர் ஊசியால் குத்திப் பார்த்தார். பிறகு கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

முதுகெலும்புக்குள் ஒரு கட்டி நரம்புத் தண்டை நெரிக்கிறது என்றார் கொழும்பு டாக்டர். புற்று இல்லையாம். எடுத்தால் நடக்கலாம், விட்டால் இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விடுமாம்.

"முதுகுல கத்தி வச்சா படுத்த படுக்கைதான்" என்று அண்ணன் அழுதார்.

"இப்ப மட்டும் என்ன, ஓடிக்கிட்டா இருக்கா?" என்று சீறினீர்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

எலும்பைத் திறந்து கட்டியை முழுசாக எடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகு தினமும் என் கால் விரலைக் கிள்ளினீர்கள். ஒரு நாள் காலையில் வலி தாங்காமல் உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். "இன்னும் திட்டுடி" என்று சிரித்துக்கொண்டே அழுதீர்கள்.

மூன்று நாளுக்கு முன் உங்களைப் பாடையில் தூக்கினார்கள். பொம்பளைகள் லயத்து வாசலோடு நிற்கவேண்டும் என்று கங்காணி மறித்தார்.

"இந்தக் கால நடக்க வச்சவங்க போறாங்க. தள்ளி நில்லுங்க" என்றேன்.

கம்பை ஊன்றிக்கொண்டு, மழையில், தேயிலைக்கு நடுவே உங்கள் குழிவரைக்கும் வந்தேன். ஒரு பிடி மண் போட்டேன். திரும்பும்போது கணுக்காலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன்; அட்டை.

உதறவில்லை, மதினி. அது கடித்தது எனக்குத் தெரிந்தது.