வெருகல் வழியாக, உன் பையோடு

இன்று மத்தியானம் முகம் துடைக்கத் துவாய் எடுக்கலாமென்று உன் நீலப் பையைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணமும் அதற்கடியில் கொஞ்சம் ஆஸ்பத்திரி மணமும் ஒன்றாக வந்தன. வெருகல் ஆற்றங்கரையில் எங்கள் வான் வண்டி நின்றது. மகள் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பையை மடியில் வைத்தபடி, துவாயையும் மறந்து, அப்படியே இருந்துவிட்டேன்.

ஓம், வெளிக்கிட்டுவிட்டோம். நீ இருக்கும்போது மூன்று பேருமாகப் போக நினைத்த அதே பயணம்தான். திருகோணமலையிலிருந்து கரையோரமாகவே பொத்துவில் வரைக்கும், ஒரு கிழமை.

ஆசை முதலில் என்னுடையது. என் உதிரிப்பாகக் கடைக்கு வந்துபோகும் கிண்ணியா றகீம் நானா ஒரு நீட்டு வானை வாங்கி, அதற்குள் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் பூட்டி வீடாக்கிவிட்டார். வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடும் யோசனை. அதை ஒருநாள் பார்த்துவிட்டு வந்து, பெரிய அரண்மனையைப் பார்த்தவன் மாதிரி உனக்கு வர்ணித்தேன். நீ கேட்ட முதல் கேள்வி, "கக்கூஸ் எங்க இருக்கு?" என்பதுதான். உள்ளேயே இருக்கிறது என்றேன். "குசினிக்குப் பக்கத்திலயா? சீ, நான் வரேல்ல" என்று முகத்தைச் சுளித்தாய். ஆனால் இரண்டு நாளைக்குப் பிறகு, மாரி முடிந்தால் கடல் அமைதியாக இருக்குமா என்று நீயே கேட்டாய்.

கொழும்பில் வேலை செய்யும் மகள்தான் திட்டம் போட்டாள். எந்த ஊரில் தங்குவது, எங்கே தண்ணீர் நிரப்புவது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் போனுக்கு அனுப்பினாள். நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போனாய். கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல். விரல் அங்கே நின்றுவிட்டது.

"இஞ்சாருங்கோ, இது நாங்கள் நடந்த ரோட்டல்லோ."

போனில் மகள் தன்பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்தப் பக்கத்துக் கடற்கரை எவ்வளவு வடிவு தெரியுமே? ஒரு சனம் இல்லை."

"தெரியும் பிள்ளை" என்றாய்.

அவளுக்கு எப்படித் தெரியும்? சண்டை நேரம், ஈச்சிலம்பற்றில் எங்கள் வீட்டுப் பக்கம் ஷெல் விழத் தொடங்கிய அன்றைக்கு அவள் என் தோளில் நித்திரை. அயலவரின் உழவு மெசின், அந்த ட்ராக்டர், ஒழுங்கையில் நின்றது, பின்னால் இழுக்கும் பெட்டி முழுக்கச் சனம். நீ ஏறப்போன நேரத்தில் காணி உறுதிப் பத்திரமும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் வீட்டுக்குள் இருப்பது ஞாபகம் வந்து திரும்பி ஓடினாய். நீ உள்ளே இருக்கும்போது மெசின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நீ கடதாசிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வரும்போது ஒழுங்கையில் புழுதி மட்டும்தான் இருந்தது. அவர்களையும் குற்றம் சொல்ல ஏலாது, எல்லாருக்கும் உயிர்தானே. வெருகல் வரைக்கும் மணலுக்குள் நடந்தோம். உன் ஒரு செருப்பு வழியிலேயே அறுந்துபோனது. ஒற்றைச் செருப்போடு நடந்தாய்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பை. இனி ஒருநாளும் எதையும் எடுக்கத் திரும்பி ஓடக்கூடாது என்று, எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிக் கட்டிக் கதவடியில் வைத்தாய். திருகோணமலைக்கு வந்து, கடை போட்டு, வீடு கட்டி, பயம் இல்லை என்று எல்லாரும் சொன்ன பிறகும் பை கதவடியிலேயே இருந்தது. கலியாண வீட்டுக்கும் வந்தது, கோயிலுக்கும் வந்தது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போன மகளின் சோற்றுப் பார்சலுக்கடியில் பிறப்புச் சான்றிதழை வைத்துவிட்டாய். அவள் வந்து அழுது சண்டை பிடித்தாள். நான் சும்மா இருக்கவில்லை. "என்ர மனுசி சந்தைக்குப் போனாலும் காணியைக் கையோட கொண்டுதான் போவா" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். நீயும் சிரிப்பாய். ஆனால் பையை விடமாட்டாய்.

வானை ஒருதரம் பழகிப் பார்ப்போமென்று குறிஞ்சாக்கேணியில் களப்போரமாக நானா நிறுத்திவைத்த அந்தப் பின்னேரம் உனக்கு நினைவிருக்கும். மகளும் லீவில் வந்திருந்தாள். நீ அந்தக் குட்டி அடுப்பில் தேத்தண்ணி வைத்து, தட்டை மடிக்கிறதும் விரிக்கிறதுமாய்ச் சின்னப்பிள்ளை மாதிரி விளையாடினாய். குளிரூட்டியைப் போட்டுக் காட்டலாமென்று நானா முன்னால் ஏறி எஞ்சினைத் தட்டி ஸ்டார்ட் பண்ணினார். அவ்வளவுதான். தேத்தண்ணிக் கோப்பை கீழே. ஒரு கையில் பை, மறு கையில் வளர்ந்த மகளின் மணிக்கட்டு, காலில் ஒற்றைச் செருப்பு. கண்மூடித் திறப்பதற்குள் நீ வெளியே நின்றாய்.

நானா பதறிப்போய் இறங்கி வந்தார். "என்ன தங்கச்சி, நான் சும்மா ஏசி போடத்தான்..." என்று மனுசன் கையைப் பிசைந்தார். நீ சிரித்துச் சமாளித்தாய். ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் அழுதாய். "இது சந்தோசத்துக்குப் போற வாகனம் எண்டு எனக்குத் தெரியுது. என்ர உடம்புக்குத் தெரியேல்லையே" என்றாய். பயணம் வேண்டாம், விடுவோம் என்றேன். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இல்லை, போவம். ஒருக்கா எண்டாலும் நாங்களா விரும்பி அந்த ரோட்டால போவம்" என்றாய்.

பிறகு நீ செய்ததை நான் கவனிக்காத மாதிரிக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பையிலிருந்த கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாய். அந்த இடத்தில் ஒரு புதுத் துவாய் வந்தது, பூப்போட்ட இரவுச் சட்டை வந்தது, கடைசியாக ஒரு பனையோலைத் தொப்பி. கண்ணாடிக்கு முன்னால் அதை வைத்துப் பார்த்துவிட்டு, நான் வருவது தெரிந்ததும் ஒளித்தாய். பயணம் சரிவரும் நேரத்தில்தான் உனக்கு உடம்புக்கு வருத்தம் வந்தது. அவசரத்தில் அந்தப் பையோடேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொப்பியை வெளியே எடுத்துப் பார்த்த தாதிப் பிள்ளையிடம், "நாங்கள் ட்ரிப் போகவெல்லோ இருந்தனாங்கள்" என்று சொன்னாய். நீ அங்கிருந்து திரும்பி வரவில்லை. பைதான் வந்தது.

சொன்னால் நீ சிரிப்பாய். நேற்று அலுமாரியைத் திறந்து, காணி உறுதியையும் மற்றக் கடதாசிகளையும் நான்தான் எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன். வீட்டைப் பூட்டிவிட்டு அவற்றை உள்ளே விட்டுப்போக மனம் வரவில்லை. இவ்வளவு காலமும் உன்னைப் பகிடி பண்ணினவன்! காலையில் நான் வீட்டுக்குள் பையோடு நிற்க, வானை ஓட்டிவந்த நானா வெளியில் எஞ்சினைத் தட்டினார். எப்படி ஓடிவந்தேன் என்று எனக்கே தெரியாது. மகள் என் காலைப் பார்த்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அவள் முகம் செத்துப்போனது. மற்றச் செருப்பை அவளே வீட்டுக்குள் போய் எடுத்து வந்தாள்.

ஆற்றங்கரையில் நான் பையோடு இருப்பதைக் கண்டு உள்ளே வந்தாள். திறந்திருந்த பைக்குள் உறுதிகளைப் பார்த்தாள்.

"அம்மா எடுத்து வச்சதல்லோ அப்பா. ஏன் திரும்ப வச்சனீங்கள்?"

நான் உறுதிகளைத் துவாயால் மூடினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். "நான் வடிவு வடிவு எண்டு சொல்லிக்கொண்டே இருந்திட்டன். இந்த ரோட்டில என்ன நடந்ததெண்டு அம்மாவிட்ட ஒருநாளும் கேக்கேல்லை. உங்களுக்கு ஏலாட்டி இப்பவே திரும்புவம் அப்பா. நான் கோவிக்க மாட்டன்."

திரும்பிப்போகத்தான் மனம் சொன்னது. வீடு, கடை, பூட்டு, எல்லாம் அந்தப் பக்கம். முன்னால் பாலம். அன்றைக்கு நாங்கள் தோணிக்குக் காத்துக் கிடந்த இடத்தில் இப்போது பாலம் போட்டிருக்கிறார்கள்.

"நானா, நீங்கள் வானைக் கொண்டு முன்னுக்குப் போங்கோ" என்றேன். "நாங்கள் நடந்து வாறம்."

"வெயில் தம்பி. ஏறுங்களேன்."

"இல்லை, நீங்கள் போங்கோ. பையும் உள்ளயே கிடக்கட்டும்."

தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எஞ்சின் சத்தம் கேட்டதும் தொப்பியை நெஞ்சோடு பிடித்தேன். வான் எங்களைத் தாண்டிப் போனது. புழுதி எழும்பியது. உன் கடதாசிகள், என் வீட்டுப் பூட்டின் திறப்பு, எல்லாம் அதற்குள் போய்க்கொண்டிருந்தன. ஓடிப்போய்த் தட்டி நிறுத்தாமல் இருக்க மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு நொந்திருக்கும், கையை விடவில்லை. ஆற்றை நான் பார்க்கவேயில்லை. வானின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அக்கரை போனதும் வான் ஓரமாகி நின்றது. நானா இறங்கி, கதவைத் திறந்துவிட்டு, வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

"ஏனப்பா அழுறீங்கள்?"

"நிண்டிட்டுது பிள்ளை" என்றேன். "வான் எங்களுக்காண்டி நிண்டிட்டுது."

வாகரைக்குக் கிட்ட, கடலைப் பார்த்தபடி வானுக்குள் இருந்து இதை எழுதுகிறேன். மகள் தேத்தண்ணி வைக்கிறாள். கடல் வடிவாகத்தான் இருக்கிறது, நீ பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாய். உறுதிகள் பைக்குள்ளேயே இருக்கின்றன, பை என் காலடியில். உன் தொப்பி மடியில். செருப்பை இன்னும் கழற்றவில்லை.